பரிசோதனை சொல்லாத பதில்

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953இல் கண்டுசொன்ன இருவரில் ஒருவர் ஜேம்ஸ் வாட்சன். 2007இல் அவருடைய மரபணுத்தொகுதியைப் படித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டார்கள். ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார் வாட்சன். ஏபிஓஈ என்ற மரபணு இருக்கும் இடம் அது. ஒருவருக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு அந்த மரபணு துப்புக் கொடுக்கும். அவருடைய பாட்டிக்கு அந்த நோய் இருந்தது. தமக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டாம் என்றார். அப்போது அவருக்கு வயது 79. அந்த இடத்தை மறைத்த பிறகும், அக்கம்பக்கத்துப் பகுதிகளை வைத்தே உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்துவிடலாம் என வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். மறைப்பை இன்னும் அகலமாக்க வேண்டியதாயிற்று.

வாட்சனை எதற்கும் முன்மாதிரியாகக் காட்டுவது என் நோக்கமல்ல. இனத்தையும் அறிவுத்திறனையும் முடிச்சுப்போட்டுப் பேசியதால் அதே ஆண்டில் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தவர் அவர். ஆனால் மரபணுவைப் படித்தால் உண்மை தெரியும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. அது தெரிந்ததால்தான் வேண்டாம் என்றார். தெரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்று அறிவியல் பதில் சொல்லிவிட்டது. தெரிந்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வி அதன் பிறகும் அப்படியே மிஞ்சி நிற்கிறது. அந்த மிச்சம் ஏன் மிஞ்சுகிறது, எவ்வளவு பெரியது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

வாட்சன் தவிர்த்தது வெறும் வாய்ப்பைப் பற்றிய செய்தி. ஏபிஓஈ எந்த வகையாக இருந்தாலும் நோய் வரலாம், வராமலும் போகலாம். ஹண்டிங்டன் நோயில் அந்தச் சலுகை கிடையாது. 1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்து எழுதியதால் அவர் பெயர் அதற்கு நிலைத்தது. பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும். கை கால்கள் தம் போக்கில் ஆடும், பேச்சு குழறும், குணம் மாறும், சிந்தனை தேயும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி.

1968இல் ஒரு காலை நேரம். லாஸ் ஏஞ்சல்ஸில் லியோனோர் வெக்ஸ்லர் என்ற பெண்மணி, நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காருவதற்காகத் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். நடை தள்ளாடியது. காலையிலேயே குடித்துவிட்டு வருகிறாயே, வெட்கமாக இல்லையா என்று ஒரு போலீஸ்காரர் அதட்டினார். அவர் குடித்திருக்கவில்லை. அவருடைய தந்தையையும் சகோதரர்களையும் கொண்டுபோன அதே நோய் அவரிடமும் தொடங்கியிருந்தது. இளமையில் பழ ஈக்களை வைத்து மரபியல் படித்தவர் அவர் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவருக்கு ஆலிஸ், நான்சி என்று இரண்டு மகள்கள். செய்தி வந்தபோது இருவரும் இருபதுகளில் இருந்தார்கள்.

இளையவர் நான்சி வெக்ஸ்லர் அழுது ஓய்ந்துவிடவில்லை. தந்தை தொடங்கிய அறக்கட்டளையில் இணைந்து, அந்த மரபணுவைத் தேடுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களில் இந்த நோய் உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பரவியிருந்தது. ஆண்டுதோறும் குழுவோடு அங்கே போய்க் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து யாருக்கு யார் பிள்ளை என்று கேட்டு எழுதினார், ரத்தம் சேகரித்தார். ஊசியைக் கண்டு தயங்கியவர்களிடம், தம் தாய்க்கும் இதே நோய்தான் என்று சொல்லி, தம் கையில் தோல் மாதிரி எடுத்த தழும்பைக் காட்டினார். 18,000 பேருக்கு மேல் இடம்பெற்ற வம்சவரைபடம் அப்படித்தான் உருவாயிற்று. 1983இல் நோயின் அடையாளம் நான்காம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 1993இல் மரபணுவே பிடிபட்டது. சி, ஏ, ஜி என்ற டி.என்.ஏ. எழுத்துகள் மூன்று அங்கே திரும்பத் திரும்ப வருகின்றன. 35 முறைக்குள் வந்தால் பயமில்லை. 40 அல்லது அதற்கு மேல் என்றால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும். இடையில் 36 முதல் 39 வரை ஒரு சாம்பல் நிறப் பட்டை. ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் எண் கைக்கு வந்துவிடும். ஒரு மனிதரின் எதிர்காலத்தைப் பற்றி அறிவியல் இவ்வளவு திட்டவட்டமாகப் பேசும் இடங்கள் மிகக் குறைவு.

இனிதான் விஷயம். பரிசோதனை கைக்கு எட்டுவதற்கு முன் கேட்டபோது, வந்தால் செய்துகொள்வோம் என்று நோய் வாய்ப்புள்ள குடும்பங்களில் நிறையப் பேர் சொன்னார்கள். வந்த பிறகு பெரும்பாலோர் செய்துகொள்ளவில்லை. அதைக் கண்டுபிடிக்க அத்தனை ஆண்டுகள் அலைந்த நான்சி வெக்ஸ்லரும் செய்துகொள்ளவில்லை.

இதைக் கோழைத்தனம் என்றோ பகுத்தறிவுக் குறைவு என்றோ சொல்ல எனக்கு நா எழவில்லை. செய்துகொள்பவருக்குக் காரணங்கள் உண்டு. பிள்ளை பெறுவதா, எந்த வேலையை ஏற்பது, எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுக்கலாம். வேண்டாம் என்பவருக்கும் காரணங்கள் உண்டு. குணப்படுத்தும் மருந்து இல்லாத நோயின் தேதியை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதிக்குப் பாதி என்ற நிலையில் வாழ்வது ஒரு வாழ்க்கை, நூற்றுக்கு நூறு என்ற நிலையில் வாழ்வது முற்றிலும் வேறொரு வாழ்க்கை. இரண்டில் எது நல்லது என்று காட்ட ஒரு சோதனையை வடிவமைக்கச் சொன்னால், அதில் எதை அளப்பது என்ற இடத்திலேயே சிக்கிக்கொள்வோம்.

சிக்கல் இதோடு முடியவில்லை. தாத்தாவுக்கு நோய் இருந்தது, தந்தை பரிசோதனை வேண்டாம் என்கிறார், இருபது வயதான மகன் வேண்டும் என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மகனுடைய முடிவு நோய் உண்டு என்று வந்தால், மரபணு தந்தையின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். தாம் திறக்க மறுத்த கடிதத்தை மகன் அவர் முன்னால் உரக்கப் படித்ததுபோல் ஆகிவிடும். யாருடைய உரிமை பெரியது? 1994இல் வகுக்கப்பட்ட சர்வதேச நெறிமுறைகள் சிறுவர்களுக்குப் பரிசோதனை கூடாது என்கின்றன, முன்பும் பின்பும் ஆலோசனை அவசியம் என்கின்றன. இவை ஆய்வகத்தில் கண்டெடுத்த விதிகள் அல்ல. நோயாளிக் குடும்பங்களும் மருத்துவர்களும் உட்கார்ந்து பேசி எட்டிய முடிவுகள். மரபணு ஆலோசகரிடம் போய், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எண்களை எல்லாம் தெளிவாக விளக்குவார். அந்தக் கேள்விக்கு மட்டும் நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார். சொல்லக் கூடாது என்பதே அவருடைய பயிற்சி.

இருக்கிறது, வேண்டும்

இந்த இடைவெளியைக் கூர்மையாகச் சுட்டிக்காட்டியவர் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்து மெய்யியலாளர். 1739இலும் 1740இலும் வெளிவந்த அவருடைய முதல் நூலில் ஒரு சிறு பத்தி. அறம் பேசும் நூல்களைப் படிக்கும்போது, ஆசிரியர்கள் வெகுதூரம் வரை "இருக்கிறது", "இல்லை" என்றே எழுதிவருகிறார்கள், திடீரென்று ஓரிடத்தில் "வேண்டும்", "கூடாது" என்று மாறிவிடுகிறார்கள், எப்படி மாறினார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை என்றார். அதை எழுதியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

எதிர்க்கேள்வி உடனே வரும். மருத்துவர் புகைக்காதே என்கிறாரே, அது அறிவியல் தந்த அறிவுரை இல்லையா? புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்பதை 1950இல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் காட்டினார்கள். அது "இருக்கிறது" வகை. புகைக்காதே என்பது "வேண்டும்" வகை. நடுவே ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: புற்றுநோய் இல்லாமல் நெடுநாள் வாழ்வது நல்லது. இந்த வாக்கியத்தை டாலும் நிரூபிக்கவில்லை, ஹில்லும் நிரூபிக்கவில்லை. நம்மில் கிட்டத்தட்ட எல்லோரும் அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. மருத்துவம், பாலம் கட்டுதல், குடிநீர் சுத்திகரிப்பு என்று பல துறைகளில் அறிவியலே நேரடியாக வழிகாட்டுவதுபோலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கெல்லாம் எங்கே போக வேண்டும் என்பதில் தகராறு இல்லை, எந்த வழியாகப் போவது என்பதில்தான் சந்தேகம். வழியைச் சொல்ல அறிவியலை மிஞ்ச ஆளில்லை. போகும் இடத்திலேயே தகராறு வரும்போதுதான் ஒளிந்திருந்த வாக்கியம் வெளியே வந்து நிற்கும்.

2020இல் அது வெளியே வந்தது. கொரோனா பரவியபோது அறிவியல் சொல்வதைத்தான் செய்கிறோம் என்று பல நாட்டுத் தலைவர்கள் மேடையில் சொன்னார்கள். ஒரே கிருமி, ஏறக்குறைய ஒரே ஆய்வுகள். அந்த வசந்தத்தில் பெரும்பாலான நாடுகள் பள்ளிகளை மூடின. ஸ்வீடன் சிறு வகுப்புகளைத் திறந்தே வைத்திருந்தது. பள்ளியை மூடினால் தொற்று எவ்வளவு குறையக்கூடும் என்று தொற்றுநோய் நிபுணர் கணக்குப் போடலாம். அதுகூட அன்று கை நடுங்கிக்கொண்டே போட்ட கணக்குதான். ஆனால் ஒரு குழந்தையின் எத்தனை மாதப் படிப்பு, ஒரு முதியவரின் எத்தனை மாத ஆயுளுக்கு ஈடு என்று அவரிடம் கேட்பது நியாயமே இல்லை. அது குடிமக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களும் சுமக்க வேண்டிய பாரம். தலைவர்கள் அதை ஆய்வாளர்களின் தோளில் இறக்கிவைத்தார்கள். பின்னால் முடிவுகள் கசந்தபோது மக்களின் கோபமும் அந்தத் தோளிலேயே விழுந்தது. அறிவியலுக்கு எல்லை உண்டு என்று சொல்வதை அறிவியலுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தாங்க முடியாத பாரத்தை ஏற்றுவதால் முதலில் முதுகு ஒடிவது அறிவியலுக்குத்தான்.

அதைவிடத் தெளிவான உதாரணம் பெரியம்மை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படும் நோய் அது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் பதிவானார். 1980 மே மாதம் நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார மாநாடு அறிவித்தது. மனித குலம் ஒன்றுசேர்ந்து செய்த காரியங்களில் இதற்கு இணையாக எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கிருமி மட்டும் இரண்டு இடங்களில் உறைநிலையில் மிச்சம் இருக்கிறது. ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டா, மற்றது ரஷ்யாவில் சைபீரியாவின் கோல்ட்சோவோ. அதை அழித்துவிடலாமா? 1999 ஜூனுக்குள் அழிப்பது என்று 1996இல் முடிவாயிற்று. பிறகு தள்ளிப்போட்டார்கள். மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். ஒழிப்பு இயக்கத்தை முன்னின்று நடத்திய டி.ஏ. ஹெண்டர்சன் அழித்தே ஆக வேண்டும் என்றார். புதிய மருந்துக்கும் தடுப்பூசிக்கும் அது தேவைப்படும், வைத்திருப்போம் என்றார்கள் மற்றவர்கள். இரு தரப்பிலும் இருந்தவர்கள் கிருமியை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள், ஒரே ஆய்வறிக்கைகளைப் படித்தவர்கள். எந்த அச்சம் பெரிது, எவரை நம்பலாம், இனி பிறக்கப்போகிறவர்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதில்தான் பிரிந்தார்கள்.

மூன்று தலைமுறை

இடைவெளி இருப்பதை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. படிக்கக் கூசும் அத்தியாயம்.

டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1883இல் யூஜெனிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார். நல்ல இனப்பெருக்கத்தின் அறிவியல் என்று பொருள் கொள்ளலாம். கால்நடைகளில் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறோமே, மனிதரில் ஏன் செய்யக் கூடாது என்ற கேள்வி பார்வைக்கு அப்பழுக்கில்லாத தர்க்கமாக இருந்தது. பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டன. 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டம் போட்டது, பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1927இல் வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மந்தபுத்தி உள்ளவர் என்று முத்திரை குத்தி ஒரு காப்பகத்தில் அடைத்திருந்தார்கள். தாய்க்கும் அதே முத்திரை. கேரி பெற்ற கைக்குழந்தையைப் பார்த்து, இதுவும் சரியில்லைபோல் தெரிகிறது என்று ஒருவர் சாட்சி சொன்னார். மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று எழுதினார் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. கேரிக்கு அறுவை நடந்தது. அந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000 பேருக்கு மேல்.

கேரியிடம் எந்த மந்தபுத்தியும் இருக்கவில்லை. பலாத்காரத்தால் கருவுற்றதை மறைக்கவே வளர்ப்புக் குடும்பம் அவரைக் காப்பகத்துக்கு அனுப்பியது. மகள் விவியன் எட்டு வயதில் நோயால் இறந்துபோனாள். இறப்பதற்கு முன் பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பள்ளிப் பதிவைத் தம் கட்டுரை ஒன்றில் வெளியே கொண்டுவந்தவர் உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட்.

இதற்கு வழக்கமாக வரும் சமாதானம் ஒன்று உண்டு: அது மோசமான அறிவியல், நல்ல அறிவியல் வந்ததும் தவறு திருத்தப்பட்டது. பாதி உண்மை. அந்த மரபியல் அரைவேக்காடுதான். ஆனால் ஒரு கணம் அது சரியாகவே இருந்ததாக வைத்துக்கொள்வோம். கேரிக்கு உண்மையிலேயே அறிவுத்திறன் குறைவு, அது உண்மையிலேயே பரம்பரையாக வருவது என்றே இருக்கட்டும். அவர் விருப்பம் கேளாமல் அறுத்தது அப்போது நியாயமாகிவிடுமா? ஆகாது. ஆகாது என்று சொல்லும்போது நம் கையில் எந்த ஆய்வும் இல்லை. ஒரு மனித உடலை அந்த மனிதரின் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அந்தப் பிடி மரபியலுக்கு முன்பே நம்மிடம் இருந்திருக்க வேண்டும். அன்று தர்க்கம் நன்றாக வேலை செய்தது. அது கிளம்பிய இடம் அழுகியிருந்தது. எங்கிருந்து கிளம்புவது என்பதைத் தர்க்கம் தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடும்.

பட்டியல் போட்ட டார்வின்

அரசாங்கமும் நீதிமன்றமும் கிடக்கட்டும். தனி மனிதர் தம் வாழ்க்கையை நடத்த பகுத்தறிவு போதாதா?

1772 செப்டம்பரில் வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு புதிய பதவியை ஏற்பதா வேண்டாமா என்று தவித்தபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் அவருக்கு ஒரு வழி எழுதி அனுப்பினார். தாளின் நடுவே கோடு போடு, ஒரு பக்கம் சாதகம், மறு பக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் யோசித்து நிரப்பு. எடை சமமானவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வா, மிஞ்சுவது முடிவு. இன்றும் இதே முறையைத்தான் நாம் பரிந்துரைக்கிறோம். குறையொன்றும் இல்லாத முறை, ஓர் இடத்தைத் தவிர. ஒவ்வொன்றுக்கும் எடை எவ்வளவு என்பதைப் பிராங்க்ளின் சொல்லவில்லை. அதை அவர் சொல்லவும் முடியாது.

1838இல் டார்வின் இதைத் தம் திருமணத்துக்கே செய்து பார்த்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. மணம் செய்தால் என்ற பக்கத்தில் பிள்ளைகள், முதுமையில் துணை, எப்படியும் ஒரு நாயைவிட மேல் என்றெல்லாம் குறிப்புகள். மணம் செய்யாவிட்டால் என்ற பக்கத்தில் நினைத்த இடத்துக்குப் போகும் சுதந்திரம், மன்றங்களில் அறிவாளிகளோடு பேச்சு, உறவினர் வீடுகளுக்குப் போக வேண்டிய கட்டாயமின்மை. புத்தகத்துக்குப் பணம் குறையும் என்ற கவலையும் உண்டு, நேரம் வீணாகும் என்ற பெரும் பயமும் உண்டு. ஆனால் அவர் பிராங்க்ளின் சொன்னபடி அடித்துக் கழித்துக் கணக்குப் பார்க்கவில்லை. நடுவில் சட்டென்று எழுத்தின் தொனி மாறுகிறது. இனப்பெருக்கமற்ற ஒரு தேனீயைப் போல வாழ்நாள் முழுவதும் வேலை, வேலை, கடைசியில் ஒன்றுமில்லை என்று நினைத்தாலே தாங்கவில்லை என்கிறார். பிறகு ஒரு காட்சி வருகிறது: சோபாவில் மனைவி, கணப்பில் தீ, புத்தகங்கள், கொஞ்சம் இசை. அவ்வளவுதான். மணம் செய், மணம் செய், மணம் செய் என்று மூன்று முறை எழுதி, வடிவியல் தேற்றத்தின் முடிவில் போடுவதுபோல நிரூபிக்கப்பட்டது என்று முத்திரையும் வைத்துவிட்டார். நிரூபணம் எங்கே என்று அந்தத் தாளில் தேடினால் கிடைக்காது. கிடைப்பது அந்தச் சோபா மட்டும்தான். 1839 ஜனவரியில் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார்.

டார்வினைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. சோபாக் காட்சி வரவில்லை என்றால் அவர் அந்தத் தாளின் முன்னால் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி உட்கார்ந்தே இருந்த ஒருவரை நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ விவரித்திருக்கிறார். முன்மூளையின் ஒரு பகுதி சேதமான நோயாளி. நுண்ணறிவுச் சோதனைகளில் குறையில்லை, நினைவாற்றல் இருக்கிறது, தர்க்கம் இருக்கிறது. உணர்ச்சி மட்டும் மங்கிவிட்டது. அடுத்த முறை வருவதற்கு இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டார் டமாசியோ. நோயாளி நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினார். அன்று வேறு வேலை இருக்கிறது, மறுநாளுக்கு அது இடிக்கும், வானிலை எப்படி இருக்குமோ என்று கிட்டத்தட்ட அரை மணி நேரம் இரண்டு தேதிகளையும் மாற்றி மாற்றி எடைபோட்டார். ஒரு காரணத்தில்கூடப் பிழையில்லை. கடைசியில் டமாசியோவே பொறுக்க முடியாமல், இரண்டாவது தேதியில் வாருங்களேன் என்றார். சரி என்று நாட்குறிப்பை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போதும், இது சரி என்று சொல்வது காரணங்களின் வேலையாகத் தெரியவில்லை. நம் மொழியில் பகுத்தறிவு என்ற சொல்லே தன் வேலையைச் சொல்லிவிடுகிறது: பகுத்து அறிவது. பிரிப்பதில் அது கெட்டி. பிரித்துப்போட்டதில் எதை அள்ளிக்கொள்வது என்பது வேறு வேலை. ஆறாவது அறிவு என்றால் பகுத்தறிவு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியம், தொடுதல், சுவை, மணம், காட்சி, கேள்வி என்று ஐந்தைச் சொல்லிவிட்டு ஆறாவதாக வைத்தது மனத்தை. தொல்காப்பியர் நரம்பியல் அறிந்திருந்தார் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நாம் பின்னால் சுருக்கிக்கொண்ட ஒன்றை அவர் சுருக்காமல் விட்டிருக்கிறார், அவ்வளவே.

எல்லைக்கு அப்பால் கடை விரிப்பவர்கள்

அறிவியலின் எல்லை பற்றிப் பேசும்போது கணிதவியலாளர் கொடலின் 1931ஆம் ஆண்டுத் தேற்றத்தையும் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் 1927ஆம் ஆண்டு நிச்சயமின்மைக் கோட்பாட்டையும் இழுத்து வருவது ஒரு வழக்கம். முதலாவது எண்கணிதத்தைத் தாங்கும் முறைமைகளைப் பற்றியது, இரண்டாவது நுண்துகள்களின் இடத்தையும் உந்தத்தையும் பற்றியது. வேலையை விடுவதா, பிரிந்துபோன தம்பியோடு மீண்டும் பேசுவதா என்பதைப் பற்றி இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை. இவற்றைக் காட்டி, பார்த்தீர்களா, அறிவியலே தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டது என்பவரிடம் சற்றுத் தள்ளியே நிற்பது நல்லது. பெரும்பாலும் அவருடைய அடுத்த வாக்கியம் ஏதாவது ஒன்றை விற்பதாக இருக்கும்.

அறிவியலால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பது, புற்றுநோய்க்கு மந்திரித்த நூல் விற்பவரின் முதல் வாசகம். வாக்கியம் உண்மை. அதிலிருந்து அவர் தாவும் தாவலில்தான் மோசடி இருக்கிறது. நூல் கட்டினால் கட்டி கரையுமா என்பது "இருக்கிறது, இல்லை" வகைக் கேள்வி. அது முழுக்க அறிவியலின் எல்லைக்குள் கிடக்கிறது. கரையாது என்று அது தெளிவாகச் சொல்லும். எதற்காக வாழ்வது என்பதில் அறிவியல் மௌனமாக இருப்பதால், எது நோயைத் தீர்க்கும் என்பதிலும் அதை மௌனமாக்கிவிட எவருக்கும் உரிமை இல்லை. பகுத்தறிவாளர்கள் இந்த எல்லைப் பேச்சைக் கேட்டாலே முகம் சுளிப்பது இந்தக் கூட்டத்தால்தான். சுளிப்பு புரிகிறது. அதற்காக எல்லையே இல்லை என்று சாதிப்பது, அந்த வியாபாரிக்கு இன்னும் நாலு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுக்கும்.

கேரி பக்கின் மகளைப் பற்றி எழுதிய கூல்டுக்கே 1982இல் மீசோதிலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. கண்டறிந்த பிறகு வாழும் காலத்தின் இடைநிலை எட்டு மாதம் என்று மருத்துவ இலக்கியம் சொன்னது. புள்ளியியல் அறிந்தவராதலால் அவர் அந்த எண்ணை வேறு விதமாகப் படித்தார். இடைநிலை எட்டு என்றால் பாதிப்பேர் எட்டு மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள், அந்தப் பாதியின் வால் நெடுந்தூரம் நீளக்கூடும், தமக்கு வயது குறைவு, நோயைச் சீக்கிரம் கண்டுவிட்டார்கள். ஆக, வாலில் இடம்பிடிக்க வாய்ப்பு உண்டு. பகுத்தறிவு ஒரு மனிதனுக்கு நேராகக் கைகொடுத்த இடம் இது, மறுக்க மாட்டேன். ஆனால் கூட்டத்தைப் பற்றிய எண்ணால் அவர் ஒருவர் அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்று சொல்ல முடியவில்லை. நிற்கும் காலத்தை எதற்குச் செலவிடுவது என்றும் அது சொல்லவில்லை. இருபது ஆண்டு வாழ்ந்தார், எழுதிக்கொண்டே இருந்தார். 2002இல் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

நான்சி வெக்ஸ்லரின் கதை 2020இல் இன்னொரு கட்டத்துக்கு வந்தது. தமக்கு ஹண்டிங்டன் நோய் இருக்கிறது என்று அந்த ஆண்டு அவர் வெளிப்படையாகச் சொன்னார். நடை தடுமாறுவதையும் பேச்சு மாறுவதையும் அருகில் இருந்தவர்கள் அதற்கு முன்பே கவனித்திருந்தார்கள். எந்த ரத்தப் பரிசோதனையும் அதை அவருக்குச் சொல்லவில்லை, உடல்தான் சொன்னது. நோயைச் சுற்றியுள்ள வெட்கமும் ஒளிவுமறைவும் குறைய வேண்டும் என்பதற்காகவே வெளியே சொல்வதாகக் கூறினார். தாயைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் வெட்கமாக இல்லையா என்று கேட்டு அப்போது 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.